தாழ்ந்த வண்டிக்கு ஏற்ற ஜாக்கி

பெங்களூரில் பாய்ம இயக்கவியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர் தம் ஐம்பத்தாறாம் வயதில் பழைய பி.எம்.டபிள்யூ ஸீ4 ஒன்றை வாங்கினார். இரண்டே இருக்கைகள், மடங்கி உள்ளே போய்விடும் கூரை, தரையோடு தவழ்வது போன்ற உடல். வீட்டார் சிரித்தனர், துறையில் சிலர் பொறாமைப்பட்டனர். இரண்டுக்கும் அவர் செவிசாய்க்கவில்லை. ஆனால் வண்டியின் அடிப்பகுதி ஒவ்வொரு வேகத்தடையிலும் உரசும்போது மட்டும் முகம் சுருங்கினார்.

இந்த உரசலைக் குறித்து முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். வேகத்தடைக்கென இந்தியச் சாலைப் பேராயம் வகுத்த அளவு உண்டு: 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுடைய வளைவு. இந்த அளவை நம்பிப் பேராசிரியர் ஓர் இரவு கணக்குப் போட்டார். ஸீ4இன் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ 2.5 மீட்டர். வண்டியின் நடுப்பகுதி மேட்டின் உச்சிக்கு நேராக வரும்போது சக்கரங்கள் தாமே மேட்டின் சரிவில் ஐந்தரை செ.மீ. ஏறியிருக்கும். எனவே அடிப்பகுதிக்குத் தேவையான இடைவெளி நாலரை, ஐந்து செ.மீ. மட்டுமே. விதிப்படி அமைந்த வேகத்தடை எந்தத் தாழ்ந்த வண்டியையும் தொடாது. உரசுவது விதியை அறியாத தார்க்குவியல்களில். ஒரே இரவில் ஒரு குடியிருப்போர் சங்கம் கொட்டிவைத்துவிட்டுப் போகும் அந்தக் குட்டை மலைகளில். கணக்கு சரியாக வந்தது. வண்டியின் அடித்தட்டு கிழிந்தும் இருந்தது.

கிழிசலைப் பார்க்கவும், தேய்ந்துபோன முன் பிரேக் பேடுகளை மாற்றவும் வண்டியைத் தூக்க வேண்டும். வண்டியோடு ஜாக்கி வரவில்லை. காற்றில்லாமலும் சற்றுத் தூரம் ஓடக்கூடிய டயர்களோடு விற்கப்பட்ட வண்டி ஆதலால் உபரிச் சக்கரமும் இல்லை, அதை மாட்டுவதற்கான கருவியும் இல்லை. ஆகவே பேராசிரியர் இணையத்தில் கண்ட சிறிய டிராலி ஜாக்கி ஒன்றை வாங்கினார். ‘2 டன்’ என்று பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருந்தது. மிகத் தாழ்ந்த நிலையில் அதன் தலைத்தட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருந்தது: 13.5 செ.மீ. வண்டியின் கதவுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டத்தில் ஜாக்கி வைப்பதற்கென்றே பொருத்தப்பட்ட பிளாஸ்டிக் கட்டையின் உயரம் 12.8 செ.மீ. ஏழு மில்லிமீட்டர் குறைவு. எத்தனை டன் தூக்கும் என்பதைப் பார்த்தவர், எந்த உயரத்திலிருந்து தூக்கத் தொடங்கும் என்பதைப் பார்க்கவில்லை. ஜாக்கி வாங்குவோரில் பெரும்பாலோர் செய்யும் பிழைதான் இது.

அவரிடம் மூன்றாமாண்டு முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் இருந்தார். ஹுப்பள்ளிக்காரர், தந்தை அங்கே டெம்போ பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். துறைத் தேநீர் அறையில் பேராசிரியர் இந்த ஏழு மில்லிமீட்டரைப் பற்றிப் புலம்பியபோது, சக்கரங்களை முதலில் பலகைமேல் ஏற்றிவிட்டால் ஜாக்கி உள்ளே போகும் என்று மாணவி இயல்பாகச் சொன்னார். சொன்னதற்குக் கூலியாக அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே வர வேண்டியதாயிற்று.

இங்கே சற்று நிற்கலாம். வழிகாட்டியின் வீட்டுக்கு எரிவாயு உருளை தூக்கிய ஆய்வாளர்களும், வழிகாட்டியின் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆய்வாளர்களும் நம் பல்கலைக்கழகங்களில் புதியவர்கள் அல்லர். அவர்களுள் பலர் மனமுவந்தே செய்தனர் என்பதும் உண்மை. மனமுவந்ததா, மறுக்க வழியில்லாததா என்பதைச் செய்தவரே பிரித்தறிய முடியாதபடி அமைந்த உறவு அது. இந்த மாணவிக்கோ எந்திரங்கள்மேல் உண்மையான விருப்பம் இருந்தது. எனவே எது எதுவென்று சொல்வது இன்னும் கடினம்.

குடியிருப்பின் திறந்த வெளியில், ஒன்றோடொன்று பொருத்திய சிமெண்டுக் கற்கள் பாவிய தரையில், வண்டி நிறுத்தப்பட்டது. இடப்பக்கச் சக்கரங்கள் 4 செ.மீ. கனமுள்ள பலகைகளின்மேல் ஏறின. ஜாக்கி முன் இடப்பக்கக் கட்டைக்கு அடியில் நுழைந்தது. தூக்கும் முன் மாணவி கேட்டார்: “ஸ்டாண்டு எங்கே, சார்?” ஸ்டாண்டு இல்லை. “அடியில் யாரும் படுக்கப் போவதில்லையே, சக்கரத்தைத்தானே கழற்றுகிறோம், ஐந்து நிமிட வேலை” என்றார் பேராசிரியர். மாணவி ஒரு கணம் நின்றார். பிறகு ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்தார். சக்கரம் கழன்றதும் அதை ஓரமாக உருட்டி வைக்காமல், அடிச்சட்டத்துக்குக் கீழே தரையில் படுக்க வைத்தார். ஏன் என்று பேராசிரியர் கேட்கவில்லை, மாணவியும் சொல்லவில்லை.

பேராசிரியருக்கு முதுகுத்தண்டில் வட்டு நழுவிய தொல்லை உண்டு. தரையில் குந்த முடியாது. குட்டை நாற்காலி ஒன்றில் அமர்ந்து டார்ச் பிடித்தார். காலிப்பரின் போல்ட்டைக் கழற்றக் கைவிட்டிருந்த மாணவி, ஸ்பேனரின் அளவு பொருந்தவில்லை என்று கையை வெளியே எடுத்து, பெட்டியில் அடுத்ததைத் தேடினார். அந்நேரம் பேராசிரியர் எழ முயன்றார். எழுவதற்குப் பிடிமானமாக வண்டியின் முன்மூலையில் கையை ஊன்றினார். வண்டி அசைந்தது, ஜாக்கி நழுவியது, ஏறத்தாழ ஒன்றரை டன் வண்டியின் அந்த மூலை 6 செ.மீ. கீழே விழுந்து, படுக்க வைத்திருந்த சக்கரத்தின்மேல் பெருஞ்சத்தத்தோடு அமர்ந்தது. அடிச்சட்டம் நசுங்கியது. சக்கரத்தின் வெள்ளி விளிம்பில் ஆழமான வடு. வேறொன்றும் ஆகவில்லை. அரை நிமிடத்துக்கு முன் மாணவியின் வலக்கை முழங்கைவரை உள்ளே இருந்தது.

இருவரும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மாணவி சொன்னார்: “அப்பாவின் பட்டறையில் ஜாக்கிமேல் மட்டும் நிற்கும் வண்டிப் பக்கம் நாய்கூடப் போகாது, சார்.” குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அதுவே பேராசிரியருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

ஏன் நழுவியது என்பதை அன்றிரவே அவர் தாளில் வரைந்தார். டிராலி ஜாக்கியின் கை ஒரு முனையில் அச்சில் பொருந்தியிருக்கிறது, மறுமுனையில் தலைத்தட்டு. கை உயரும்போது தலைத்தட்டு நேராக மேலே போவதில்லை. வட்ட வில்லில் நகர்கிறது. 40 செ.மீ. நீளமுள்ள கை, தரைக்கு இணையான நிலையிலிருந்து 30 பாகை உயர்ந்தால், தலை 20 செ.மீ. மேலேறும், அதே நேரத்தில் 5 செ.மீ.க்குச் சற்று மேல் பின்வாங்கும். வண்டி நகராது. எனவே அந்த ஐந்து செ.மீ.யை ஈடுகட்ட ஜாக்கியே வண்டிக்கு அடியில் முன்னே உருண்டு செல்ல வேண்டும். ஜாக்கிக்குச் சக்கரம் வைத்திருப்பது தள்ளிக்கொண்டு போகும் வசதிக்காக மட்டுமன்று, தூக்கும்போது உருள்வதற்காகவும்தான். சமமான சிமெண்டுத் தரையில் யாரும் கவனியாமலே அது உருண்டுவிடும். பாவுகற்களின் இடுக்கில் ஜாக்கியின் சிறிய முன்சக்கரங்கள் சிக்கிக்கொண்டன. உருள முடியாத ஜாக்கியின் தலைத்தட்டு, பிளாஸ்டிக் கட்டையின் விளிம்பை நோக்கிச் சிறிது சிறிதாக இழுபட்டது. கை ஊன்றியது கடைசிக் காரணம் மட்டுமே. முப்பது ஆண்டுகளாகப் பாஸ்கல் விதியைக் கற்பித்தவர், எண்ணெய்க்கு வெளியே இருந்த ஒரு முக்கோணத்தைப் பார்க்கத் தவறியிருந்தார்.

எண்ணெய்க்கு உள்ளே இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பாஸ்கலின் நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல் வெளிவந்தது. அதிலிருந்து ஜோசப் பிராமா 1795இல் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெறும்வரை நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. பிராமாவின் எந்திரத்திலும் முதல் தொல்லை தண்டைச் சுற்றி நீர் கசிந்ததே; அழுத்தம் கூடக் கூடத் தானே இறுகிக்கொள்ளும் தோல் வளையம் அதைத் தீர்த்தது. அந்த வளையத்தை அவருடைய பட்டறையில் வேலை செய்த ஹென்றி மாட்ஸ்லேயின் யோசனை என்பார்கள். ரிச்சர்டு டட்ஜன் 1851இல் நியூயார்க்கில் கையில் எடுத்துச் செல்லத்தக்க நீரழுத்த ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று தோலுக்குப் பதில் ரப்பர். அந்த ரப்பர் வளையம் தேய்ந்தால் ஜாக்கி யாருக்கும் சொல்லாமல் மெல்லத் தாழும். ஸ்டாண்டு வேண்டும் என்பதற்கு இதுவே இரண்டாவது காரணம். முதலாவது காரணம் ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது.

அடுத்த வாரம் பேராசிரியர் தனியாக ஜே.சி. சாலைக்குப் போனார். பெங்களூரில் வண்டி உதிரிபாகம் தேடுவோர் கடைசியில் வந்து சேரும் தெரு அது. கையில் அளவுநாடாவும் ஒரு தாளும். கடைக்காரர் முதலில் காட்டியது 3 டன் எஃகு ஜாக்கி. நீண்ட உடல், அகன்ற சட்டம், தலைத்தட்டு 7.5 செ.மீ. வரை தாழும். “பந்தய வண்டிக்காரர்களும் இதைத்தான் வாங்குகிறார்கள், சார். ஒருமுறை வாங்கினால் பேரன் காலம்வரை நிற்கும்.” பொய்யில்லை. தாழ்ந்த ஜாக்கிக்கு நீளம் வேண்டும்: தலையைத் தாழ்த்துவதற்காக முன்பகுதி மெலிந்துவிடுவதால் வலிமையை அகலத்திலும் நீளத்திலும் ஈட்ட வேண்டியிருக்கிறது, தாழ்ந்த இடத்தில் தொடங்கிப் போதிய உயரம் போகவும் கை நீண்டிருக்க வேண்டும். நீண்ட ஜாக்கி அசையாமல் நிற்கும். எல்லாம் சரி. எடை எவ்வளவு? 36 கிலோ.

பேராசிரியர் அதன் கைப்பிடியைப் பற்றித் தூக்கிப் பார்த்தார். தரையிலிருந்து ஒரு சாண் எழுந்ததும் கீழே வைத்துவிட்டார். வீட்டில் அதை வைக்க இடம் கீழ்த்தளத்துச் சேமிப்பறை. நடுவே ஆறு படிகள். இந்த ஜாக்கியை வாங்கினால் ஒவ்வொரு முறையும் வேறொருவரை அழைக்க வேண்டும். அந்த வேறொருவர் யார் என்பதும், அவர் மறுக்க மாட்டார் என்பதும் பேராசிரியருக்குத் தெரியும். உலகிலேயே சிறந்த ஜாக்கியாயினும் தனியாகத் தூக்க முடியாவிட்டால் வேண்டாம் என்று தாளின் தலைப்பில் எழுதிக்கொண்டார். கடைக்காரர் அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டு விலையைக் குறைத்தார்.

அந்த ஒரு நிபந்தனை வந்ததும் மற்றக் கேள்விகள் தம் இடத்தில் போய் அமர்ந்தன. 3 டன் எதற்கு? வண்டியின் மொத்த எடையே ஒன்றரை டன். ஒரு பக்கத்தைத் தூக்கும்போது ஜாக்கிமேல் விழுவது அதில் பாதி. 1.5 டன் திறனுள்ள ஜாக்கியே தேவையைப் போல இரு மடங்கு. முழு அலுமினிய ஜாக்கிகள் அந்தத் திறனில் 13, 14 கிலோவில் கிடைக்கின்றன. ஆனால் கடையிலிருந்த அலுமினிய ஜாக்கியின் கை குட்டையாக இருந்தது. உச்ச உயரம் போதவில்லை. சக்கரம் தரையைவிட்டு எழுவதற்கு முன் தொங்கமைப்பு தன் முழு நீளத்துக்கும் இறங்கிக்கொள்ளும். அந்த எட்டு ஒன்பது செ.மீ. வீணே போகும் உயரம். கடைசியில் அவர் எடுத்தது இரண்டுக்கும் நடுவே ஒன்று: பக்கச் சட்டங்கள் அலுமினியம், கை எஃகு, 2 டன், 8.5 செ.மீ. தாழ்வு, எடை 20 கிலோவுக்குச் சற்று மேல். சுமை மீறினால் தானே திறந்துகொள்ளும் வால்வு உள்ளதா, நகரும் ஜாக்கிகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 1494 பொறிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தார். இறக்கும் திருகு மெல்லத் திறக்கிறதா, திடீரென விடுகிறதா என்பதைக் கடையிலேயே ஆளொருவரை ஏறி நிற்கச் சொல்லிச் சோதித்தார். விளம்பரத்தில் டன்னும் சென்டிமீட்டரும் வரும். இறக்கும் திருகின் நயம் வராது. வண்டியை ஏற்றுவதில் காட்டும் அக்கறையை இறக்குவதில் யாரும் காட்டுவதில்லை.

கைப்பிடியின் வீச்சும் அப்படி மறைந்திருப்பதே. சிறு உந்துதண்டின் விட்டம் 1 செ.மீ., பெருந்தண்டின் விட்டம் 4 செ.மீ. என்று கொள்வோம்: விசை 16 மடங்கு. கைப்பிடியின் நெம்புகோல் 20 மடங்கு. இரண்டும் சேர்ந்து 320. தூக்கும் கையின் நீளத்தால் அதில் ஐந்திலொரு பங்கே மிஞ்சுகிறது என்றாலும் 64 மடங்கு. 25 கிலோ அழுத்தினால் 1,600 கிலோ எழும். ஆனால் கொடுத்த விசைக்கு விலை தூரம். தலை 20 செ.மீ. ஏற, கைப்பிடியின் நுனி ஏறத்தாழ 13 மீட்டர் பயணிக்க வேண்டும். ஒரு வீச்சு 60 செ.மீ. என்றால் இருபத்தொரு முறை. தாழ்ந்த முகப்பின் அடியில் கைப்பிடி இடித்து வீச்சு பாதியானால் நாற்பதுக்கு மேல். வகுப்பறையில் உராய்வைப் புறக்கணிப்பது போலவே முதுகையும் புறக்கணித்துவிடுகிறோம்.

ஸ்டாண்டுகளை வாங்கும்போது வேறொரு சிக்கல் எழுந்தது. இவ்வகை வண்டிகளில் ஒவ்வொரு மூலைக்கும் ஒரே ஒரு தாங்குகட்டை; ஜாக்கி அங்கே இருந்தால் ஸ்டாண்டை எங்கே வைப்பது? ஜாக்கித் தலையும் ஸ்டாண்டும் ஒன்றாய் அமைந்த கருவிகள் வெளிநாடுகளில் விற்கின்றன. கையேடு அனுமதிக்கும் வண்டிகளில் முன்பகுதியின் நடுவே தூக்கலாம். மூன்றாவது வழியை மாணவியின் தந்தை தொலைபேசியில் சொன்னதாக மாணவி பிறகு தெரிவித்தார்: உடல் விறைப்பான வண்டியைப் பின்கட்டையில் தூக்கினால் அதே பக்கத்து முன்கட்டையும் கூடவே எழும், அங்கே ஸ்டாண்டை வை. ஸ்டாண்டுகளின் வகையிலும் பேராசிரியர் தயங்கினார். 2020இல் அமெரிக்காவில் பற்சக்கர வகை ஸ்டாண்டுகள், பல் நழுவக்கூடும் என்பதால் பல லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. மாற்றாகக் கொடுக்கப்பட்டவற்றுள்ளும் சிலவற்றின் பற்றவைப்பில் குறை கண்டு மீண்டும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எனவே துளையில் குறுக்கே கம்பி செருகும் வகையை எடுத்தார். கம்பி செருகப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

பாவுகற்களின்மேல் விரிக்க 18 மி.மீ. ஒட்டுப்பலகை ஒன்றும், தலைத்தட்டின்மேல் வைக்க ஒன்றரை செ.மீ. ரப்பர் வட்டும் சேர்ந்தன. 8.5, 1.8, 1.5: மொத்தம் 11.8. கட்டையின் உயரம் 12.8. ஒரு செ.மீ. மிச்சம். ஆனால் சாலை நெகிழ்வுக்காகப் பேராசிரியர் பழைய டயர்களை மாற்றிச் சாதாரண டயர்கள் போட்டிருந்தார். காற்று இறங்கினால் அந்த மூலை சில செ.மீ. தாழும், மிச்சம் கரைந்துவிடும். ஆகவே பழைய பலகைகளை எறியவில்லை.

நசுங்கிய அடிச்சட்டத்தைச் சரிசெய்து வண்டி திரும்பி வர ஐந்து வாரமாயிற்று. அதற்குள் மாணவி மூன்றாம் இயலின் வரைவை அனுப்பியிருந்தார். பேராசிரியர் வழக்கமாக இருபது நாள் எடுத்துக்கொள்பவர், நான்கே நாளில் திருத்தித் திருப்பினார். மாணவிக்கு அது மகிழ்ச்சியளித்ததைவிடக் குழப்பமே அளித்தது. துறையில் யாரிடமும் அந்த ஞாயிறைப் பற்றி மாணவி சொல்லவில்லை. பேராசிரியர்தான் சொன்னார், முதலாமாண்டு மாணவர்களுக்கு, ஆய்வகப் பாதுகாப்பு வகுப்பில், கரும்பலகையில் அந்த வில்லை வரைந்து. “ஸ்டாண்டு எங்கே என்று உடனிருந்தவர் கேட்டார், நான் ஐந்து நிமிட வேலை என்றேன்” என்பதையும் சேர்த்தே சொன்னார். உடனிருந்தவர் யார் என்று சொல்லவில்லை.

பிரேக் பேடுகளை அவர் மாற்றியது ஒரு சனிக்கிழமை காலையில். ஒரு பக்கத்துக்கு இரண்டரை மணி நேரம். தரையில் கனத்த ரப்பர் விரிப்பு, ஒருக்களித்துப் படுத்தபடி வேலை. பதினொரு மணிக்கு மாணவி, திருத்தங்களைப் பற்றிப் பேச முன்பே நேரம் கேட்டிருந்தபடி, தாள்களோடு வந்தார். வண்டி ஸ்டாண்டின்மேல் நின்றது. ஜாக்கியும் எடை தாங்காமல் தொட்டும் தொடாமலும் கூடவே நின்றது. கழற்றிய சக்கரம் அடிச்சட்டத்துக்குக் கீழே படுத்திருந்தது. மாணவி வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். எதிர்ப்பக்கப் பின்சக்கரத்துக்கு அடைகட்டை முன்புறம் மட்டும் இருந்தது. சுவரோரம் கிடந்த செங்கல்லை எடுத்துப் பின்புறம் வைத்து, காலால் இறுக்கினார். பிறகு இரு கைகளையும் வண்டியின் முன்மூலையில் வைத்து வலுவாக ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

“நான் கழுவிக்கொண்டு வருகிறேன், நீங்கள் மேலே போய் உட்காருங்கள்” என்றார் பேராசிரியர், கிரீஸ் படிந்த கைகளை விரித்தபடி.

“அந்தப் பக்கத்துப் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டீர்களா, சார்?”

இறுக்கவில்லை. அவர் மீண்டும் விரிப்பில் படுத்தார். மாணவி ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துவிட்டு, நான்கடி தள்ளி நின்றுகொண்டு, இரண்டாம் திருத்தத்தில் தமக்கு உடன்பாடில்லை என்று சொல்லத் தொடங்கினார்.